மாதிரி ரயில் வீடுகள்: பெண்டன் அருங்காட்சியகமும் கையால் கட்டும் மரபும்

மாதிரி ரயில் அமைப்புகளில் இடம்பெறும் வீடு, நிலையம், சரக்குக் கொட்டகை, பாலம் ஆகியவற்றைக் கடையில் கிடைக்கும் தயார்ப் பாகங்களைக் கொண்டு ஒட்டாமல், அட்டை, மரம், தாள், நார் போன்ற மூலப்பொருட்களிலிருந்தே செய்து முடிப்பது ஸ்கிராட்ச் பில்டிங் எனப்படுகிறது. பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்தக் கைவேலை, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கிலாந்தில் வேறொரு பயனைப் பெற்றது. இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் வந்த கிராமத்து வீடுகளை அளந்து பதிவுசெய்யும் முறையாக அது மாறியது. அந்த மாற்றத்தின் முதன்மைச் சான்று, ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம்.

தகர நிலையங்கள்

தொடக்கத்தில் மாதிரி ரயில் என்பது பொம்மை ரயில்தான். ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891இல் ஒழுங்கான பாதை அகலங்களுடன் ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றோடு வந்த நிலையங்கள் தகரத்தில் அச்சிட்டு மடிக்கப்பட்டவை. இங்கிலாந்தில் 1920 முதல் வெளிவந்த ஹார்ன்பி ரயில்களின் கட்டடங்களும் அப்படியே. செங்கல் என்பது தகரத்தின் மேல் அச்சான சிவப்புக் கட்டம். சன்னலும் பூந்தொட்டியும் வரைந்தவை. ஆறடி மனிதன் நுழைய முடியாத வாசல் கொண்ட நிலையத்தின் முன் ரயில் நின்று புறப்படும். சிறுவர்களுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

வளர்ந்தவர்கள் இதில் ஈடுபடத் தொடங்கியபோது அவர்களுடைய கவனம் முதலில் சென்றது இன்ஜின் மீது. சக்கரத்தின் ஆரைக்கால்களை எண்ணினார்கள், கொதிகலனின் ஆணிகளை எண்ணினார்கள். கட்டடங்கள் நெடுநாள் இரண்டாம் இடத்திலேயே இருந்தன. மாதிரி ரயில் வரலாற்றை எழுதியவர்களில் பலரும் இன்ஜின்களின் வரலாற்றையே எழுதியிருப்பதற்கு இந்தப் பழைய பழக்கமும் ஒரு காரணம்.

பாதையில் இருந்த பிழை

பிரிட்டனில் மிகவும் பரவிய அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு விநோதம் உண்டு. உண்மையான ரயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அதை 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 18.83 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடைகளில் விற்ற பாதையின் அகலம் 16.5 மி.மீ. மட்டுமே. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. அன்றைய மோட்டார் அவற்றின் உடலுக்குள் அடங்கவில்லை. எனவே உடலைச் சற்றுப் பெரிதாக்கி, பாதையை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். இதனால் ரயில்கள் குறுகிய தண்டவாளத்தின் மேல் பெருத்த உடம்போடு ஓடின. இந்தக் குறையைச் சரிசெய்யப் பின்னர் 18 மி.மீ. பாதை உருவானது, பெண்டன் ஏற்றுக்கொண்டது அதைத்தான்.

வீட்டுக்கு இந்தச் சமரசம் எதுவும் தேவைப்படவில்லை. அதற்குள் மோட்டார் வைக்க வேண்டியதில்லை, அது வளைவில் திரும்ப வேண்டியதுமில்லை. ஆறரை அடிக் கதவு 26 மி.மீ. என்றால் 26 மி.மீ.தான். மாதிரி ரயில் அமைப்பு ஒன்றில் முழு அளவு உண்மையோடு செய்யக்கூடியதாக இருந்தது கட்டடமே. இதைச் செய்து காட்டியவர்களில் முன்னோடி ஜான் அஹெர்ன்.

மேடர் பள்ளத்தாக்கு

அஹெர்ன் லண்டனில் தம் வீட்டில் 1930களில் அமைத்த மேடர் பள்ளத்தாக்கு ரயில்பாதை ஒரு கற்பனைப் பாதை. மேடர்போர்ட், கம்மன் மேக்னா என்று ஊர்ப்பெயர்களையும் அவரே சூட்டிக்கொண்டார். ஊர்கள் கற்பனை; வீடுகள் பெரும்பாலும் நிஜம். இங்கிலாந்தின் பல ஊர்களில் பார்த்த கடைகள், விடுதிகள், ஆலைகள் ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்டு அட்டையில் செய்து தம் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். அதுவரை மேசையில் தண்டவாளம் பதித்துவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் வீடு வைப்பதே வழக்கம். அஹெர்ன் அதைத் தலைகீழாக்கினார். நிலமும் ஊரும் முன்பே இருந்தவை போலவும், ரயில் பின்னால் அவற்றுக்கிடையே வழி தேடி வந்தது போலவும் அமைத்தார். உண்மை ரயில் பாதைகளின் வரலாறும் அதுதானே.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கட்டடம் கட்டுவது பற்றியும் நிலக்காட்சி அமைப்பது பற்றியும் அவர் எழுதிய கையேடுகள், இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் பாடநூல்களாக இருந்தன. அஹெர்ன் 1961இல் காலமானார். அவருடைய மேடர் பள்ளத்தாக்கு பின்னர் பெண்டனுக்கு வந்து சேர்ந்து, இன்றும் அங்கே காட்சியில் இருக்கிறது.

ராய் இங்கிலாந்து

பெண்டனை நிறுவிய ராய் இங்கிலாந்து (1906–1995) ஆஸ்திரேலியர். இங்கிலாந்து என்பது அவருடைய குடும்பப் பெயர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே மீது பெருவிருப்பம் கொண்ட அவர் 1925இல் இங்கிலாந்து நாட்டுக்கு வந்தார். அந்த ரயில்வேயின் தலைமைப் பணிமனை இருந்த ஸ்விண்டனுக்கு அருகில், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதியைக் கண்டார். பள்ளத்தாக்கின் தெற்கே சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றுள் அஃபிங்டன் குன்றின் சரிவில் சுமார் 110 மீட்டர் நீளத்தில் வெட்டப்பட்ட வெண்குதிரை உருவத்தால் இந்தப் பெயர். அந்த உருவம் ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழையது.

குன்றடி ஊர்களின் வீடுகள் அந்தந்த மண்ணிலிருந்து எழுந்தவை. சுண்ணாம்புப் பாறை கிடைத்த இடத்தில் வெண்கல் சுவர், களிமண் கிடைத்த இடத்தில் செங்கல், மரம் வாய்த்த இடத்தில் மரச்சட்டம், மேலே கோதுமைத் தாள் வேய்ந்த கனத்த கூரை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இரண்டு மைல்தான் தூரம். சுவரின் நிறம் வேறு. ராய் அங்கே வந்தபோது இவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. தாள் கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸும் நெளிதகரமும் போட்டார்கள். சிறிய சன்னல்களைப் பெயர்த்துப் பெரிய சன்னல்கள் வைத்தார்கள்.

அவற்றைத் தடுக்க அப்போது சட்டம் இல்லை. 1913ஆம் ஆண்டின் பழஞ்சின்னங்கள் சட்டம் கோட்டைகளையும் இடிபாடுகளையும் காத்தது. மக்கள் குடியிருக்கும் வீடு அதன் வரம்புக்குள் வரவில்லை. நாட்டுப்புற இங்கிலாந்தைக் காப்பதற்கான சங்கம் 1926இல் தொடங்கியது, ஆனால் அது குரல் எழுப்பும் அமைப்பே தவிர, அதிகாரம் உள்ள அமைப்பு அல்ல. கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் முறை 1940களின் நகர, ஊரகத் திட்டச் சட்டங்களோடுதான் நடைமுறைக்கு வந்தது. வீடுகளை வாங்கிக் காப்பாற்ற ராயிடம் பணமும் இல்லை. அவரால் செய்ய முடிந்தது ஒன்றே. 1930களில் அந்த வீடுகளை அளந்து, குறிப்பெடுத்து, 76இல் ஒரு பங்கு அளவில் கட்டத் தொடங்கினார்.

ரயில் கொண்டுவந்ததும் கொண்டுபோனதும்

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த வீடுகளின் மறைவுக்கு ரயிலும் ஒரு காரணம். லண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்த கிரேட் வெஸ்டர்ன் முதன்மைப் பாதை 1840இல் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முழுப்பாதையும் முடிந்தது. ரயிலுக்கு முன் கனமான கட்டடப் பொருள்களைக் கால்வாய் இல்லாத ஊருக்கு வண்டியில் கொண்டுவருவது, பொருளின் விலையைவிட அதிகச் செலவு. அதனால்தான் உள்ளூர் மண்ணும் உள்ளூர்க் கல்லும். ரயில் வந்தபின் வேல்ஸ் நாட்டின் கருநீல ஸ்லேட் பலகைகளும், தொலைதூரச் சூளைகளில் இயந்திரத்தில் வார்த்த ஒரே சீரான செங்கற்களும் எந்த நிலையத்திலும் மலிவாக இறங்கின. உள்ளூர்ச் சூளைகள் அணைந்தன. கூரை வேய்பவர்கள் குறைந்தார்கள். ரயிலின் மீது கொண்ட அன்பால் கடல் கடந்து வந்த ஒருவர், ரயில் கலைத்துவிட்டதையே காக்க முற்பட்டார் என்பதை ரயில் ஆர்வலர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாள் கூரைகளின் கீழ் வாழ்ந்தவர்கள் பண்ணைக் கூலிகள். ஈரம் ஏறிய சுவர், குறைந்த வெளிச்சம், கிணற்றுத் தண்ணீர், கூரைக்குள் எலி. தகரக் கூரை போட்ட வீட்டுக்காரருக்கு அது அழிவு அல்ல, நிம்மதி. பெண்டனின் வீடுகள் சுவரையும் கூரையையும் பதிவு செய்கின்றன. உள்ளே இருந்தவர்களின் மூட்டுவலியைப் பதிவு செய்யவில்லை. எனினும் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதை இவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் குறித்து வைக்கவும் இல்லை.

அளக்கும் முறை

கையால் கட்டும் வேலையில் பாதி, கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வீட்டுக்காரர் அனுமதித்தால் நாடாவால் அளக்கலாம். அனுமதிக்காவிட்டால், அல்லது எட்டாத உயரம் என்றால், செங்கல் வரிகளை எண்ணுவார்கள். பிரிட்டிஷ் செங்கல் ஒன்று சாந்தோடு சேர்த்து ஏறத்தாழ 3 அங்குல உயரம். நான்கு வரி ஓர் அடி. தெருவில் நின்றபடியே சன்னலின் அடிவிளிம்பு 14ஆவது வரி, கூரையின் கீழ்விளிம்பு 60ஆவது வரி என்று எண்ணிவிட்டால் சுவரின் உயரங்கள் அனைத்தும் கைக்கு வந்துவிடும். பழைய செங்கற்கள் சூளைக்குச் சூளை மாறும் என்பதால் எட்டும் இடத்தில் ஒரு சுவரை அளந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இடிக்கப்பட்டுவிட்ட வீடு என்றால் பழைய புகைப்படம்தான் துணை. படத்தில் ஒரு கதவோ செங்கல் சுவரோ இருந்தால் போதும், மற்ற அளவுகளை அதிலிருந்து வருவிக்கலாம்.

நிறத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே சுவரில் வேறு வேறு காலத்தில் ஒட்டுப்போட்ட செங்கற்கள் வேறு வேறு சிவப்பு. புகைபோக்கிக்குக் கீழே கரி வழிந்த தடம், மழைநீர்க் குழாய் ஒழுகிய இடத்தில் பாசி, வடக்குச் சுவரில் ஈரம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரியாமல் பூசிய அழுக்கு வெறும் அழுக்காகவே தெரியும்.

கட்டும் முறை

பெண்டன் மரபின் முதன்மைப் பொருள் அட்டையும் நீர்வண்ணமும். இந்த அளவில் ஒரு செங்கல்லின் முகம் 3 மி.மீ. நீளம், 1 மி.மீ. உயரம். 20 அடி அகலமும் 16 அடி உயரமும் கொண்ட வீட்டு முகப்பு 80க்கு 64 மி.மீ., உள்ளங்கையில் அடங்கும். அந்த ஒரு முகப்பில், கதவு சன்னலுக்கு இடம் விட்டாலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட செங்கற்கள். அட்டையில் ஒவ்வொரு வரியும் கூர்முனையால் கீறப்பட்டு, ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக வண்ணமிடப்படும். செங்கல் அச்சிட்ட தாள் கடையில் கிடைத்தது. ஆனால் அச்சுத்தாளில் ஒரே செங்கல் திரும்பத் திரும்ப வரும். கண் அதை விரைவில் கண்டுபிடித்துவிடும்.

மூலைகள்தான் பெரிய சோதனை. உண்மையான சுவரில் ஒரு பக்கம் நீளமாகத் தெரியும் செங்கல், மூலை திரும்பியதும் அதே வரியில் குறுகிய முனையைக் காட்டும். இரண்டு அட்டைகளை ஒட்டும்போது இந்த வரிகள் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வீடு அட்டைப்பெட்டி ஆகிவிடும். அட்டைக்கு ஈரம் பகை. ஒரு பக்கம் வண்ணம் ஏறியதும் வளையும். அதனால் உட்புறம் குறுக்குச் சட்டங்கள் வைத்து இறுக்குவார்கள். சன்னல்கள் சுவரின் முகத்தோடு ஒட்டி இருக்கக்கூடாது, சுவரின் கனத்துக்குள் சற்றே உள்வாங்கி இருக்க வேண்டும். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் நிழல்தான் சுவருக்குக் கனத்தைத் தருகிறது.

தாள் கூரை மெல்லிய நார்களைக் கற்றை கற்றையாக ஒட்டி, உண்மை வேய்ச்சலைப் போலவே கீழ்விளிம்பிலிருந்து மேலாகக் கட்டப்படும். ஓரடிக் கனமுள்ள கூரை 4 மி.மீ. கனமாக வரும். முகடு நேர்கோடாக இருக்கக்கூடாது. இருநூறு ஆண்டு நின்ற வீட்டின் முகடு நடுவில் சற்றுத் தொய்ந்திருக்கும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கை நேராக வெட்டப் பழகியபின் கோணலாக வெட்ட மறுக்கிறது. வண்ணத்திலும் ஒரு பாடம் உண்டு. உண்மை வீட்டின் அதே சிவப்பைப் பூசினால் மாதிரி கறுத்துத் தெரியும். ஓரடி தூரத்தில் பார்க்கும் மாதிரி, உண்மையில் எழுபத்தாறு அடிக்கு அப்பால் நிற்கும் வீட்டுக்குச் சமம். இடையில் உள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும். அதனால் எல்லா நிறங்களிலும் சற்றே சாம்பல் சேர்க்க வேண்டும்.

பெண்டன் பார்வா

1954இல் ராய் லாங் விட்டன்ஹாமில் ஒரு பழைய மதுவிடுதிக் கட்டடத்தை வாங்கி அங்கே அருங்காட்சியகத்தை அமைத்தார். அங்கு உருவான காட்சிகளுள் ஒன்று டார்ட்மூர். பொறியாளர் புரூனல் அமைத்த மரத்தூண் பாலங்களைப் போன்ற ஒரு பாலம் அதன் நடுவே நிற்கிறது. கார்ன்வாலில் அவ்வகைப் பாலங்களில் கடைசியானது 1934இல் அகற்றப்பட்டது. மரச்சட்டங்கள் எப்படிப் பின்னி நின்றன என்பதை முப்பரிமாணத்தில் பார்க்க இன்று மாதிரிகளே வழி. ரயில்களுக்குக் காய் வில்லியம்ஸ் என்ற கைவினைஞர் பல ஆண்டுகள் இன்ஜின்கள் செய்து தந்தார்.

ராயின் கனவு மற்றொரு காட்சி. வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கை 1920களிலும் 30களிலும் இருந்தபடி விரிப்பது. அதன் நடுவே உள்ள கிராமத்துக்குப் பெண்டன் பார்வா என்று பெயர். இப்படி ஓர் ஊர் வரைபடத்தில் இல்லை. ஆனால் அதன் வீடுகள் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் உண்மையாக நின்றவை. அளந்து, கட்டி, ஒரே தெருவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டவை. அருகருகே நிற்கும் இரண்டு வீடுகள் உண்மையில் பல மைல்கள் தள்ளி இருந்தவையாக இருக்கலாம். வரலாற்றாசிரியர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். ஒரு முழு ஊரை அப்படியே கட்டியிருந்தால் ஓர் ஊர் மட்டும் மிஞ்சியிருக்கும் என்பதும் உண்மை.

வேகம்தான் இந்த முறையின் விலை. ஒரு குடிசைக்கே பல மாத ஓய்வுநேரம் தேவைப்படும். தோட்டத்தின் கோஸ் வரிசையும் கொடியில் காயும் துணியும் அதற்குப் பிறகு. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் வார்ப்பு பிளாஸ்டிக் கட்டடத் தொகுப்புகளை மலிவாக விற்றன. ஒரு மாலைப்பொழுதில் நிலையம் தயார். பெண்டன் அந்தப் பக்கம் போகவில்லை.

மான்டெரியில் எரிந்தது

மாதிரியும் அழியக்கூடியதுதான். இதற்குச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டெரி நகரில் ஜான் ஆலன் தம் வீட்டில் கட்டிய மலைப்பாதை, 87இல் ஒரு பங்கு அளவில் அமைந்தது. அதன் பெயர் கோர் அண்ட் டஃபெட்டிட். உரக்கச் சொன்னால் ஆங்கிலத்தில் ‘குருதி தோய்ந்து தோற்றது’ என்று ஒலிக்கும் சொல்விளையாட்டு. துரு, புழுதி, உதிர்ந்த பலகை ஆகியவற்றைக் கட்டடங்களில் காட்டும் கலையை அமெரிக்க மாதிரியாளர்களிடம் பரப்பியவர்களில் ஆலன் முதன்மையானவர். 1973 ஜனவரி 6 அன்று அவர் இறந்தார். பத்து நாள் கழித்து அந்த வீடு தீப்பிடித்து, ஏறக்குறைய எல்லாம் எரிந்துபோனது. ஆலன் புகைப்படக் கலைஞராகவும் இருந்ததால் படங்கள் எஞ்சின.

ராய் இதற்கு எதிர்த்திசையில் சென்றவர். தம் வீடுகளைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அருங்காட்சியகத்துக்குரியவை ஆக்கினார், தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கற்பித்தார். அவர் 1995இல் இறந்தபோது பள்ளத்தாக்குக் காட்சி முடிந்திருக்கவில்லை. வேறு தொழில் செய்து வாழும் தன்னார்வலர்கள் ஓய்வுநேரத்தில் அதைத் தொடர்ந்து கட்டி வருகிறார்கள். அவர்களில் பலர் அந்த வீடுகள் நின்ற காலத்தில் பிறந்திருக்கவே இல்லை. பழைய புகைப்படங்களில் செங்கல் வரிகளை எண்ணி, அட்டையில் கீறுகிறார்கள்.